சலவைக்கூடத்து ஊமை

என் மகளுக்குக் குழந்தை பிறந்த மறுவாரம் ஆஸ்பத்திரியில் அதன் காதைச் சோதித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் காதில் சின்னக் குமிழ் மாதிரி எதையோ வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார் டாக்டரம்மா. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"இடது காது சரியா பதில் சொல்லல. பயப்பட ஒண்ணுமில்ல, கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவை பாத்துடலாம்" என்றார். பிறகு, "உங்க குடும்பத்துல யாருக்காவது பிறவியிலேயே காது கேக்காம, பேச்சு வராம இருந்திருக்கா?" என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். மருமகன் என்னைப் பார்த்தான். சம்பந்தியம்மாவும் நிதானமாகக் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்தார்.

"எங்க தாத்தாவோட அம்மா ஊமைன்னு சொல்லுவாங்க" என்றேன்.

"அவங்களுக்குக் காதும் கேக்காதா?"

"தெரியலீங்க. கப்பல்ல வந்தவங்களாம். எங்கேருந்துன்னும் தெரியாது."

"பேரு?"

"அதுவும் தெரியாது."

டாக்டரம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் வெளியே வந்ததும் சம்பந்தியம்மா, "சொந்தக் கொள்ளுப்பாட்டி பேரு கூடவா தெரியாது?" என்றார். குத்திக்காட்டுகிற குரலில்லை; நிஜமாகவே ஆச்சரியம். அதனால்தான் எனக்கு அது உறைத்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவள் நான். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். என் தாத்தாவைப் பெற்றவளைப் பற்றி ஒரு வரி சொல்லத் தெரியவில்லை.

அப்பா இல்லை. அப்பாவுடைய தங்கை, என் அத்தை, இருக்கிறார். அவரிடம் போனேன். அத்தை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஊமைதான். அதுல என்ன சந்தேகம்?" என்றார். "எங்கப்பாவை உறவுக்காரங்க எல்லாரும் ஊமை பெத்த பிள்ளைன்னுதான் சொல்லுவாங்க."

"தாத்தா எதுவும் சொன்னதில்லையா?"

"அவருக்கு என்ன தெரியும்? அம்மா போறப்ப அவரு தவழுற பிள்ளை. வளத்தது ரெண்டாவதா வந்தவங்க. நல்ல மனுஷிதான், ஆனா அந்த வீட்டுல மூத்தவ பேச்சை எடுத்தா அன்னிக்குச் சோறு இறங்காது. அதனால யாரும் எடுக்கல. அப்படியே போயிடுச்சு."

அத்தைக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: துறைமுக ஊரில் பெரிய ஹோட்டல் ஒன்று, அதன் சலவைக்கூடத்தில் அவள் வேலை செய்தாள், அங்கே பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர் அவளைக் கட்டிக்கொண்டார். அந்தப் பாய்லர்காரர்தான் என் கொள்ளுத்தாத்தா.

இதற்கிடையில் குழந்தைக்கு மறுபடியும் சோதனை நடந்தது. காதுக்குள் நீர் தங்கியிருந்ததாம். அது வடிந்துவிட்டது; இரண்டு காதும் சுத்தமாகக் கேட்கிறது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தார். எல்லாருக்கும் கவலை தீர்ந்தது. எனக்குத்தான் விட மனசு வரவில்லை. மகளிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

அந்த ஹோட்டல் இப்போது அலுவலகக் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு கம்பெனி. வாசல் காவலாளி நல்ல மாதிரி. நான் விஷயத்தைச் சொன்னதும், "சலவைக்கூடம் இருந்த இடத்துலதான் இப்ப வண்டி நிறுத்துறாங்க" என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஊமைன்னா சொன்னீங்க? பின்னாடித் தெருவுல ஊமை சலவைன்னு ஒரு கடை இருக்கே. எங்க யூனிஃபாரமெல்லாம் அங்கதான் போகுது" என்றார்.

அவர் காட்டிய சந்தில் நுழைந்து போனேன். குறுகலான தெரு. மூன்று படி ஏறினால் கடை. கண்ணாடிக் கதவுக்குள் பெரிய யந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஈரத் துணியும் சூடான கஞ்சியும் கலந்த வாசனை. மேலே பலகையில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்தது: ஊமை சலவை.

கடைக்காரர் மீசையில்லாத, பருத்த மனிதர். "ஏன் இந்தப் பேருன்னு எல்லாரும்தான் கேக்குறாங்க" என்றார். "எனக்குப் பாதிக் கதைதான் தெரியும். மாடியில எங்க பெரியம்மா இருக்காங்க, அவங்களைக் கேளுங்க. ஆனா ஒண்ணு. அவங்க கேள்வி கேட்டு முடிச்சப்புறம்தான் நீங்க கேக்க முடியும்."

அது உண்மைதான். பெரியம்மா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் செக்கரம்மா. எண்பதைத் தாண்டியிருப்பார். நான் கதவருகே நிற்கும்போதே, "யாரு? எங்கேருந்து? யாரைப் பாக்கணும்?" என்று மூன்று கேள்வி வந்து விழுந்தது. டிக்கெட் கேட்டுக் கையைத்தான் நீட்டவில்லை.

நான் சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிவிட்டது.

"பாய்லர்காரர் தூக்கிட்டுப் போன பிள்ளையோட பேத்தியா நீ?"

"ஆமாம்மா."

"உக்காரு" என்றார். பிறகு, "அவ ஊமையே இல்லடி" என்றார்.

அவர் சொன்னதைத்தான் இனி சொல்லப்போகிறேன். செக்கரம்மாவின் தாயைப் பெற்றவள் அந்த ஹோட்டலில் துணி துவைத்தவள். நல்ல உயரம் என்பதால் அவளுக்கு நெட்டை என்றே பெயர். என் கொள்ளுப்பாட்டிக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். நெட்டை தன் பேத்தியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்த கதை இது.

என் கொள்ளுப்பாட்டி கப்பலில் தனியாக வரவில்லை. புருஷனோடு வந்தாள். அவன் கப்பலிலேயே காய்ச்சலில் விழுந்தான். கரையேறிய வாரமே தர்ம ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். இருபது வயதுகூட ஆகாத பெண், கையில் ஒரு துணிமூட்டை, ஊரில் ஒருவர் பேசுவதும் புரியாது. அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி, ஹோட்டல் சலவைக்கூடத்தில் எப்போதும் ஆள் தேவைப்படும் என்று தெரிந்து, அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் விட்டாள்.

சலவைக்கூட மேஸ்திரி பெயரைக் கேட்டான். அவள் விழித்தாள். ஊரைக் கேட்டான். அதற்கும் விழித்தாள். "ஊமை போலிருக்கு. நல்லதாப் போச்சு, ஒரு வாயாவது குறையும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான்.

ஊமையை முதலில் தொட்டிக்குப் போட்டார்கள். கொதிக்கிற தண்ணீரில் விரிப்புகளைக் கட்டையால் அமுக்கித் திருப்புகிற வேலை. அவள் கை சுத்தம் என்று தெரிந்ததும் இஸ்திரி அறைக்கு மாற்றினார்கள். அடுப்பில் காயும் இரும்புப் பெட்டியை எடுத்து, கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பாளாம். அவள் தேய்த்த மடிப்பு இரண்டு நாள் உட்கார்ந்து எழுந்தாலும் கலையாது என்று நெட்டை சொல்வாளாம்.

நெட்டை கழுவிப் பிழிந்ததைக் கூடையில் கொண்டுவந்து கொடுப்பாள். கொடுக்கும் சாக்கில் நின்று பேசுவாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள். மனசில் இருப்பதை எங்காவது கொட்டவேண்டுமே. ஊமையிடம் கொட்டினாள். மாமியார் செய்தது, அண்ணன் செய்யாதது, தனக்குக் காய்கறிக் கடைக்காரன்மேல் கொஞ்ச நாள் ஆசை இருந்தது, எல்லாம். ஊமை தலையாட்டுவாள். சரியான இடத்தில் தலையாட்டுகிறாளே என்று நெட்டைக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஒரு வருஷத்துக்குள் ஊமை எல்லாவற்றையும் புரிந்துகொண்டுவிட்டாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

கண்டுபிடித்தவர் பாய்லர்காரர். சலவைக்கூடத்துக்கு மேலே துணி காயப்போடுகிற நீளமான மாடி. குளிர்காலத்தில் பாய்லரிலிருந்து குழாய் வழியாக அங்கே சூடு போகும். ஒரு குழாய் ஒழுகுகிறதென்று பார்க்க மேலே ஏறினார். விரிப்புகள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. அதற்கு நடுவில் மேஸ்திரியின் குரல்! "ஏய், என்ன வேடிக்கை? கை என்ன வாடகைக்கு விட்டிருக்கியா? இதுக்குப் பேரு வெளுப்பா?" மேஸ்திரி கீழே அல்லவா இருக்கிறான் என்று பாய்லர்காரர் விரிப்பை விலக்கிப் பார்த்தார். ஊமை இடுப்பில் கைவைத்து, ஒரு தலையணை உறையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவரைக் கண்டதும் அவள் உறையைக் கீழே போட்டாள். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், கை சுட்டு, "ஆ" என்று உதறினார். அதைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள்.

"நான் எதையும் கேக்கல" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

அதற்கப்புறம் அந்தக் குழாய் அடிக்கடி ஒழுகியது. ஒழுகும்போதெல்லாம் அவர் மேலே வந்தார். அவள் சொல்லிப் பார்த்தாள், அவர் திருத்தினார். சலவைக்கூடத்தில் காதில் விழுந்ததையே கற்றுக்கொண்டதால் அவளுக்குத் திட்டத் தெரிந்த அளவு மரியாதையாகப் பேசத் தெரியவில்லை. "தண்ணி குடுங்க"வை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அதுவரை அவளுக்குத் தெரிந்தது "தண்ணி எங்கடி தொலைஞ்சுது" மட்டும்.

"இவ்வளவு பேசுறியே, கீழேயும் பேசினா என்ன?" என்று ஒருநாள் கேட்டார்.

"பேசினா கேப்பாங்க" என்றாளாம். "எங்கேருந்து வந்த, புருஷன் எப்படிச் செத்தான், ஏன் திரும்பிப் போகல. எனக்குச் சொல்லப் பிடிக்கல. பேசாதவளை யாரும் எதுவும் கேக்குறதில்ல."

அவரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அது அவர் குணம் போலிருக்கிறது.

இப்படியே போயிருக்கும். ஒரு பட்டு உடுப்பு வந்து கெடுத்தது.

ஹோட்டலில் தங்கியிருந்த பெரிய இடத்து அம்மாள் ஒருத்தியின் உடுப்பு. விருந்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டியது. அதை மேஸ்திரியே தன் கையால் தேய்ப்பதாக எடுத்துக்கொண்டான். யாரோ கூப்பிட, பெட்டியை அதன்மேலேயே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் திரும்பினான். பட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிவிட்டது. மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேஸ்திரியும் துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவனும் அறை நடுவில் நின்று, என்ன செய்யலாம் என்று பேசினார்கள். உடுப்பைக் கழுவிக் கொண்டுவந்தது நெட்டை. அவள் மத்தியானத்தில் தன் பிள்ளைகளின் துணியைத் திருட்டுத்தனமாகத் தேய்க்க வந்தாள், வந்த இடத்தில் இதைக் கருக்கினாள் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். மூலையில் ஊமை உட்கார்ந்து கஞ்சி கலக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் இறங்கி வந்தார். எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். நெட்டையை முன்னால் இழுத்து விட்டான் மேஸ்திரி. அவள், "ஐயா, நான் அந்தப் பக்கமே போகல" என்று அழுகிறாள். அந்த அம்மாள் போலீஸைக் கூப்பிடச் சொல்கிறாள் என்றார் மேனேஜர். நெட்டையின் இரண்டு பெண்களும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா" என்று ஒரு குரல் வந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊமை வரிசையை விட்டு ஒரு அடி முன்னால் வந்து நின்றாள். "கருக்கினது இவன். நான் பாத்தேன். நேத்து மத்தியானம் இவனும் அவனும் பேசினதைக் கேட்டேன்" என்றாள். அதோடு நிற்கவில்லை. மேஸ்திரி பேசியதை மேஸ்திரியின் குரலில், கிடங்குக்காரன் பேசியதை அவன் இழுத்துப் பேசுகிற தினுசில், முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை ஒப்பித்தாள். கிடங்குக்காரன் நடுவில் மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். அதையும் விடவில்லை.

மேஸ்திரி மறுக்கக்கூட மறந்து, "ஏய், நீ ஊமையில்ல?" என்றான். அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"நெட்டை அன்னிக்கு என்ன செஞ்சா தெரியுமா?" என்று செக்கரம்மா என்னிடம் கேட்டார். "காலைப் பிடிச்சு அழுதாளாக்கும்னு நினைக்காத. 'அடிப்பாவி, அந்தக் காய்கறிக் கடைக்காரன் விஷயமெல்லாம் உன் காதுல விழுந்துச்சா?'ன்னு கேட்டாளாம். 'விழுந்துச்சு. அவன் உனக்கு வேண்டாம்'னாளாம் இவ."

நெட்டை தப்பினாள். மேஸ்திரியை ஹோட்டலின் வேறு வேலைக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான் அவனுக்கு நடந்தது. ஆனால் ஊமையை அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். வாய் இருந்தும் இத்தனை நாள் மூடிக்கொண்டிருந்தவள் இன்னும் எதையெதையெல்லாம் கேட்டு வைத்திருக்கிறாளோ என்று மேலே இருந்தவர்களுக்குப் பயம். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது நெட்டையும் பிள்ளைகளும் பின்னாலேயே வந்தார்கள். "நீ இல்லாத இடத்துல நான் யார்கிட்ட பேச?" என்றாளாம்.

பின்னாடித் தெருவில் ஒரு கீழ்த்தளத்தைப் பிடித்தார்கள். ஒரு தொட்டி, இரண்டு இஸ்திரிப் பெட்டி. நெட்டை துவைத்தாள், ஊமை தேய்த்தாள். பாய்லர்காரர் வேலை முடிந்து வந்து அடுப்புப் பார்த்துக்கொடுத்தார். அடுத்த வருஷம் அவரும் ஊமையும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர் சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. எங்கிருந்தோ வந்த ஊமையைக் கட்டிக்கொள்கிறான் என்பதுதான் அவர்கள் காதுக்குப் போன சேதி. நேரில் வந்து பார்த்திருந்தால் அவள் வாய்க்குப் பயந்து ஓடியிருப்பார்கள். ஏனென்றால் பேச ஆரம்பித்தவள் பிறகு நிறுத்தவேயில்லை. வாடிக்கைக்காரர்களைக் கேள்வி கேட்பாள், காலர் அழுக்கைப் பார்த்து வைவாள், போகும்போது பிள்ளைகுட்டிகளை விசாரிப்பாள். அப்படியும் தெருக்காரர்களுக்கு அது ஊமை கடைதான். சட்டை கொடுத்துவிட்டு வருகிறவனிடம் "எங்க போன?" என்று கேட்டால், "ஊமைகிட்ட மாட்டிக்கிட்டேன், இவ்வளவு நேரம் பேசித் தீத்துட்டா" என்பானாம்.

"அவங்க நிஜப் பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

"எங்க பாட்டிகிட்ட சொல்லியிருக்கா. எங்க பாட்டியும் சொல்லிப் பாத்திருக்கா. நாக்குச் சுழலல. இவ விழுந்து விழுந்து சிரிச்சிருக்கா. 'நீ சொல்ற மாதிரி சொன்னா எங்க ஊர்ல அது வாத்துக்குப் பேரு. நீ ஊமைன்னே கூப்பிடு'ன்னு சொல்லிட்டா. அதோட விட்டாச்சு. எந்த நாடுன்னும் சொல்லல. கேட்டா, தூரம்னு மட்டும் சொல்லுவாளாம்."

பிள்ளை பிறந்து, அது தவழ ஆரம்பித்த சமயத்தில் அவளுக்கு மார்புச் சளி கண்டது. ஆவியிலும் ஈரத்திலும் நிற்கிறவர்களுக்கு வருகிறதுதான் என்றார்கள். படுத்தவள் எழவில்லை. கடைசி இரண்டு நாள் அவள் தன் பாஷையிலேயே பேசினாளாம். நெட்டை பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், "ஆமா", "சரி", "அப்படியா" என்று சொல்லிக்கொண்டேயிருந்திருக்கிறாள். பாய்லர்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே நின்றிருக்கிறார்.

அவருக்கு அதற்கப்புறம் அந்தத் தெருவில் இருக்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா அவருக்கு வேறு பெண் பார்த்துக் கட்டிவைத்தாள். அவர் இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவர். அந்த வீட்டில் மூத்தவளைப் பற்றி இருந்த ஒரே சேதி, முன்னாலேயே வந்து சேர்ந்திருந்த அந்த 'ஊமை' மட்டும்தான். அவர் அதைத் திருத்தவில்லை.

நெட்டை ஒருமுறை ரயிலேறிப் போய்ப் பிள்ளையைப் பார்த்திருக்கிறாள். புதிதாக வந்தவள் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, பிள்ளையையும் காட்டியிருக்கிறாள். பிள்ளை நெட்டையின் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு அவளிடமே ஓடியிருக்கிறது. வாசல் வரை வந்து வழியனுப்பும்போது அவள் மெதுவாகச் சொன்னாளாம்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இவன் இப்பதான் என்னை அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சிருக்கான்." நெட்டை அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். மறுபடி போகவில்லை. ஊர் திரும்பியதும் பெயிண்டரைக் கூப்பிட்டுக் கடைக்குப் பலகை எழுதச் சொன்னாள்.

சொல்லி முடித்ததும் செக்கரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கீழே யந்திரங்கள் நின்றிருந்தன. கடைக்காரர் சாப்பிடப் போயிருப்பார். ராத்திரி அங்கேயே தங்கச் சொன்னார் செக்கரம்மா, தங்கினேன்.

மறுநாள் காலை இருவரும் ஊருக்கு வெளியே இருந்த இடுகாட்டுக்குப் போனோம். செக்கரம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சுற்றுச்சுவரை ஒட்டிப் புல் மண்டிய ஒரு வரிசை, கல்லெல்லாம் கிடையாது. "இந்த வரிசைதான்னு பாட்டி என்னைச் சின்னப் பிள்ளையில கூட்டிட்டு வந்து காட்டினா. இந்த வரிசையில எதுன்னு கேட்டா, எல்லாம் ஒண்ணுதான், கும்பிட்டுக்கோன்னா" என்றார்.

வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். அவள் விட்டுப்போன பிள்ளையான என் தாத்தாவை, அவர் வாழ்ந்த நாளையெல்லாம், பெற்ற பிள்ளைகளை, என் அப்பாவை, என்னை, என் மகளை, அவள் குழந்தையைச் சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். கூச்சமாகத்தான் இருந்தது. செக்கரம்மா சுவரோரம் நிழலில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "மெதுவாச் சொல்லு, அவசரம் ஒண்ணுமில்ல" என்றார்.